வீட்டில் யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது: பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் பெண்களோடும் பிள்ளைகளோடும் உட்கார்ந்து பேசுவது என் வேலை. உசிலம்பட்டியில் ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கேட்டதையே மேலூரில் இன்னொருத்தி கேட்பாள். இந்தக் குழப்பம் தனக்கு மட்டும்தான் என்று இரண்டு பேருமே நினைத்துக்கொண்டிருப்பார்கள். அதனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஆள் அடையாளம் தெரியும் விவரங்கள் எதுவும் இதில் இல்லை.

உங்களுக்கு நடந்ததை யாரிடம், எப்போது, எவ்வளவு சொல்வது என்பது உங்கள் முடிவு. இரண்டு நிலைமைகளில் மட்டும் நான் அவசரப்படுத்துவேன்: அதைச் செய்த ஆளின் கைக்கெட்டும் தூரத்தில் இன்று இன்னொரு குழந்தை இருந்தால், இல்லையென்றால் அவருக்கோ அவர் மகனுக்கோ உங்களைக் கட்டிவைக்கும் பேச்சு ஓடினால்.

"பெருசா ஒண்ணும் நடக்கலக்கா, தொட்டதோட சரி. இதையெல்லாம் கொடுமைன்னு சொல்லலாமா?"

சொல்லலாம். தப்பான எண்ணத்தோடு குழந்தையைத் தொடுவது, குழந்தையைத் தன்னைத் தொடவைப்பது, ஆபாசப் படம் காட்டுவது, விடாமல் பின்தொடர்வது எல்லாமே, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தில் குற்றம். 18 வயது நிரம்பாத எல்லோரும், ஆணானாலும் பெண்ணானாலும், அந்தச் சட்டத்துக்குக் குழந்தைதான்.

சட்டத்தை விடுங்கள். இத்தனை வருஷம் கழித்தும் அந்த ஆள் குரல் கேட்டால் உடம்பு கூசுகிறது என்றால் அது சின்ன விஷயமாக இருக்க முடியாது.

"வீட்ல சொல்லியே ஆகணுமா? மறைச்சா அவங்களை ஏமாத்துற மாதிரி இருக்கு."

கட்டாயம் எதுவும் இல்லை. வீட்டில் சொல்லாமல், ஒரு தோழியிடமோ மருத்துவரிடமோ மட்டும் சொல்லி மீண்டு வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். "யார்ட்டயும் சொல்லிராத" என்று அன்றைக்கு மிரட்டி மறைக்கவைத்தது செய்தவர்தான். அந்தப் பாரத்தை இவ்வளவு நாள் சுமந்ததற்காக நீங்கள் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் எதற்காகச் சொல்ல நினைக்கிறீர்கள் என்று உங்களையே ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அம்மா மடியில் ஒரு முறை அழ வேண்டுமா? அந்த ஆள் வரும் விசேஷத்துக்கு உங்களைக் கூப்பிடாமல் இருக்க வேண்டுமா? தங்கச்சி மகளைக் காப்பாற்ற வேண்டுமா? இது தெளிவானால் யாரிடம் சொல்வது என்பதும் பாதி தெளிந்துவிடும். செய்தவர் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதற்காக மட்டும்தான் சொல்கிறேன் என்றால் கொஞ்சம் பொறுங்கள். அது உங்கள் கையில் இல்லாத காரியம். நான் பார்த்தவரை அந்த மன்னிப்பு கிடைப்பது மிக அரிது.

"சித்திரைத் திருவிழாவுக்கு எல்லாரும் ஊருக்கு வருவாங்க. அப்ப எல்லாரையும் வச்சே சொல்லிரவா?"

வேண்டாம். திருவிழா, காதுகுத்து, கல்யாணம், குலசாமி கும்பிடு, கருமாதி இவை எல்லாவற்றிலும் அந்த ஆளும் வந்திருப்பார். பெரியவர்கள் விசேஷம் கெடாமல் முடியட்டும் என்றுதான் பார்ப்பார்கள். "நல்லது நடக்கிற இடத்துல இப்படியா" என்று பேச்சு உங்கள் மேல் திரும்பிவிடும். வேறு ஏதோ சண்டையின் நடுவிலும் சொல்லாதீர்கள். கோபத்தில் இட்டுக்கட்டிச் சொன்னதாக ஆக்கிவிடுவார்கள்.

ஆள் குறைவான சாதாரண நாள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மறுநாள் பரீட்சையோ இன்டர்வியூவோ இருக்கக் கூடாது. பேச்சு கெட்டுப்போனால் அன்று இரவு போய்ப் படுக்க ஓர் இடமும், போன் பண்ணினால் எடுக்க ஓர் ஆளும் இருக்க வேண்டும். அப்புறம் இன்னொன்று. "நான் நம்பமாட்டேன்" என்று பதில் வந்தாலும் அதைத் தாங்கிக்கொள்ள முடியும் என்ற அளவுக்கு மனசு வந்த பிறகு சொல்லுங்கள். வீட்டுக்கு வெளியே ஒருவரிடமாவது முன்பே சொல்லியிருந்தால் அந்தத் தெம்பு சீக்கிரம் வருகிறது.

"முதல்ல அம்மாகிட்டதான சொல்லணும்?"

அம்மாதான் என்று விதி இல்லை. சில வீடுகளில் அத்தை, சில வீடுகளில் அக்கா, மதினி, அம்மாச்சி. டிவியில் இந்த மாதிரிச் செய்தி வரும்போது அவர் என்ன சொல்கிறார் என்று கவனியுங்கள். "அந்தப் பிள்ளை ஏன் அங்க போச்சு" என்று கேட்பவரிடம் முதலில் போகாதீர்கள். "பாவி, அந்தப் பிள்ளை என்ன பாடுபட்டுச்சோ" என்பவரிடம் போகலாம். இதற்கு முன் நீங்கள் சொன்ன ரகசியத்தை அவர் காப்பாற்றினாரா என்பதும் முக்கியம்.

அம்மாவுக்கும் சின்ன வயதில் இதே மாதிரி ஏதாவது நடந்திருக்கலாம். அப்படிப்பட்ட அம்மாக்களில் சிலர் உடனே புரிந்துகொள்கிறார்கள். சிலர் தங்கள் பழைய வலியைத் தொட்டுவிட்டதால் சட்டென்று பேச்சை மாற்றுகிறார்கள். இதை முன்கூட்டியே கணிக்க முடியாது. அதனால்தான் அம்மாவிடம் போகும் முன் இன்னொருவர் துணை இருந்தால் நல்லது என்கிறேன்.

"எப்படி ஆரம்பிக்கிறது? வாயே வரமாட்டேங்குது."

முதல் மூன்று வரியை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். "அம்மா, ஒரு விஷயம் சொல்லணும். நான் முடிக்கிற வரைக்கும் எதுவும் பேசாம கேளு. சின்ன வயசுல ஒருத்தர் என்கிட்ட தப்பா நடந்துக்கிட்டாரு." இவ்வளவு வெளியே வந்துவிட்டால் மீதி தானாக வரும். வராவிட்டாலும் பரவாயில்லை, அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொள்ளலாம். என்ன நடந்தது, எங்கே, எத்தனை முறை என்ற எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டிய கடன் உங்களுக்கு இல்லை. "அதை இப்ப சொல்ல முடியலம்மா" என்பதே போதுமான பதில்.

பேச வராதவர்கள் ஒரு தாளில் எழுதி, எதிரில் உட்கார்ந்து படிக்கக் கொடுத்து, தாளைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். எழுத்தோ வாய்ஸ் மெசேஜோ, ஒரு நிமிஷத்தில் குடும்ப குரூப்புக்குப் போய்விடும். அப்புறம் யாருக்குச் சொல்வது என்ற முடிவு உங்கள் கையை விட்டுப் போய்விடுகிறது.

"செஞ்சது தாய்மாமன். அம்மாவுக்குக் கூடப்பிறந்தது அவர் ஒருத்தர்தான். நான் எப்படிச் சொல்றது?"

கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும் கேள்வி இது. நம் பக்கம் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துகிறோம். சடங்குக்குச் சீர் அவர் வீட்டிலிருந்து வருகிறது. புகுந்த வீட்டில் ஒரு மனஸ்தாபம் என்றால் "எனக்குக் கேட்க ஆள் இருக்கு" என்று உங்கள் அம்மா சொல்லிக்கொண்டது அவரை நம்பித்தான். நீங்கள் அவர் பெயரைச் சொல்லும்போது அம்மாவுக்குப் பிறந்த வீடே ஆட்டம் காண்கிறது. "என் தம்பி அப்படிப்பட்டவன் இல்ல" என்று முதல் வார்த்தை வருவது அதனால்தான். அது நியாயமான பதில் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருந்தால், அந்த வார்த்தை உங்களைப் பொய்க்காரி என்று சொல்வதாகத் தோன்றாது.

அம்மாவின் பிறந்த வீட்டு ஆட்கள் யாரும் இல்லாத நாளில் தனியாகச் சொல்லுங்கள். "நானா உன் தம்பியா" என்று எடுத்ததுமே கேட்காதீர்கள். செய்யக்கூடிய ஒன்றிரண்டு காரியங்களைக் கேளுங்கள். அவர் வருகிறார் என்றால் எனக்கு முன்னாலேயே போன் பண்ணணும். அவர் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கச் சொல்லக் கூடாது. என் பிள்ளை காதுகுத்துக்கு அவர் மடி வேண்டாம். இந்தக் கடைசி விஷயத்தில் ஊர் கேள்வி கேட்கும். அதனால் என்ன பதில் சொல்வது என்று இரண்டு பேரும் முன்பே பேசி வையுங்கள். கோயிலில் வீட்டு ஆட்களோடு சுருக்கமாக முடிக்கலாம், ஒன்றுவிட்ட மாமன் மடியில் உட்காரவைக்கலாம். காரணம் ஊருக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

முறை என்று சொல்லி அவருக்கோ அவர் மகனுக்கோ உங்களைக் கட்டிவைக்கும் பேச்சு ஓடுகிறதா? அப்படியானால் நல்ல நாள் பார்க்காதீர்கள், வீட்டில் நம்பக்கூடிய ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள். "கட்டிக்கிட்டா சரியாப் போயிரும்" என்பது தீர்வே கிடையாது. பெண்ணுக்கு 18 வயது ஆகவில்லை என்றால் அந்தக் கல்யாணமே குற்றம், குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்தால் நிறுத்தலாம்.

"அப்பவே ஏன் சொல்லலைன்னு கேப்பாங்களே?"

கேட்பார்கள். "அப்ப எனக்கு அது என்னன்னே தெரியல. தெரிஞ்சப்ப பயமா இருந்துச்சு. இப்பதான் தைரியம் வந்துச்சு" என்று சொல்லுங்கள். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ல் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டது. அதில் கொடுமை செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்த, குழந்தை நம்பிய ஆட்கள். பெரும்பாலான குழந்தைகள் அதை யாரிடமும் சொல்லவே இல்லை. சொல்லாமல் இருந்தது உங்கள் குணக்கோளாறு அல்ல. அந்த இடத்தில் இருக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறார்கள்.

"சொன்னேன்கா. நம்பல. இப்ப என்ன செய்ய?"

முதல் நாள் பதிலைக் கடைசிப் பதில் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சில மாதம் கழித்து "நீ அன்னைக்குச் சொன்னியே, அதைத்தான் யோசிச்சுக்கிட்டே இருக்கேன்" என்று வந்து உட்கார்ந்த அம்மாக்களை எனக்குத் தெரியும். அவர்களுக்குப் பழைய நாட்களைத் திருப்பிப் பார்க்க அவகாசம் வேண்டியிருந்தது: பிள்ளை ஏன் அந்த வீட்டுக்குப் போகமாட்டேன் என்று அழுதாள், ஏன் திடீரென்று படிப்பில் பின்தங்கினாள் என்று.

அதுவரை நிரூபிக்கப் போராட வேண்டாம். "நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம். ஆனா அந்த ஆள் இருக்கிற இடத்துக்கு நான் வரமாட்டேன்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு அதில் நில்லுங்கள். சாட்சி கொண்டுவா என்று கேட்டாலும், அந்த ஆளை நேரில் உட்காரவைத்து விசாரிக்கிறோம் என்று கூப்பிட்டாலும் போகாதீர்கள். அந்த உட்காரலில் உங்களுக்கு நல்லது நடந்து நான் பார்த்ததில்லை.

"அப்பாட்ட சொன்னா அருவாளத் தூக்கிட்டுப் போயிருவாரு. அப்புறம் ஜெயிலுக்குப் போயிருவாரு. அதுக்காகவே சொல்லல."

நம் பக்கம் இந்தப் பயத்தை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. அப்பாவையும் அண்ணனையும் காப்பாற்றவே வருஷக்கணக்கில் வாய் திறக்காத பெண்கள் இருக்கிறார்கள். கோபக்கார அப்பாவிடம் முதல் ஆளாகச் சொல்ல வேண்டாம். அவர் யார் பேச்சுக்குக் கட்டுப்படுவாரோ, பெரியப்பாவோ அப்பத்தாவோ கூட்டாளியோ, அவரிடம் முதலில் சொல்லி, அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காலை நேரத்தில் சொல்லுங்கள். குடிக்கிறவர் என்றால் சாயங்காலம் கூடவே கூடாது. "நீங்க அவரை ஏதாச்சும் செஞ்சுட்டா கேஸ் உங்க மேல வரும். எனக்கு நடந்ததைக் கேக்க ஆளே இருக்காது" என்று, பெயரைச் சொல்லும் முன்பே சொல்லிவிடுங்கள். மீறிக் கிளம்பினால் அவசர உதவி எண் 112-க்குக் கூப்பிடுங்கள்.

கோபம் உங்கள் மேலேயே திரும்பும் வீடுகளும் உண்டு. மானம் போச்சு என்று அடிப்பார்கள், பூட்டி வைப்பார்கள், அவசரமாக யாருக்காவது கட்டிவைப்பார்கள் என்று தோன்றினால் வீட்டில் முதலில் சொல்லாதீர்கள். பெண்கள் உதவி எண் 181-ல் பேசுங்கள். தங்க இடம், வக்கீல், மருத்துவர் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு அங்கிருந்தே வழி சொல்வார்கள்.

"நான் ஆம்பளப்பய. சொன்னா சிரிப்பாங்க."

சிரிக்கிறவர்களிடம் சொல்லாதீர்கள். முன்பு சொன்ன டிவி சோதனை உங்களுக்கும் பொருந்தும். பையன்களுக்கு நடப்பது அரிது என்பது தவறான நினைப்பு. மேலே சொன்ன 2007 ஆய்வில், பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்ன பிள்ளைகளில் பாதிக்கும் மேல் பையன்கள்தான். உடம்பு அந்த நேரத்தில் எப்படி நடந்துகொண்டது என்பதை வைத்து "எனக்கும் விருப்பம் இருந்ததோ" என்று குழம்பாதீர்கள். உடம்பின் எதிர்வினை சம்மதம் ஆகாது. இது பெண்களுக்கும் பொருந்தும்.

"கல்யாணம் பேசிக்கிட்டு இருக்காங்க. மாப்பிள்ளைகிட்ட சொல்லணுமா?"

உங்களிடம் குறை எதுவும் இல்லை, அதனால் குறையைச் சொல்வது போலச் சொல்ல வேண்டிய கடமையும் இல்லை. நிச்சயத்துக்கு முன் அவசரமாகக் கொட்டிவிட்டு, அந்த விஷயம் இரண்டு குடும்பத்துக்கும் பரவி வருந்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். நம்பிக்கை வந்த பிறகு, "சில நேரம் தொட்டா திடுக்குன்னு ஆயிரும், அதுக்குக் காரணம் இருக்கு" என்ற அளவில் தொடங்கலாம். அந்தச் சின்ன விஷயத்தை அவர் எப்படிக் கையாள்கிறார் என்று பார்த்துவிட்டு மீதியை முடிவு செய்யுங்கள்.

"அந்த ஆள் வீட்ல இப்ப ஒரு சின்னப் பிள்ளை இருக்கு. நான் சும்மா இருக்கலாமா?"

ஆரம்பத்தில் சொன்ன முதல் அவசரம் இதுதான். உங்கள் கதை முழுவதையும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கோ 1098-க்கோ தகவல் போக வேண்டும். போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, குழந்தைக்கு எதிரான குற்றம் நடந்தது தெரிந்தாலோ நடக்கும் என்று அஞ்சினாலோ காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். தெரிந்தும் சொல்லாத பெரியவர்களுக்கு 6 மாதம் வரை சிறை உண்டு. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மேல் அதற்காக வழக்குப் போட முடியாது.

"நான் முன்னாடியே சொல்லியிருந்தா" என்று உங்களை வதைத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு ஏதாவது நடந்தால் அதற்குப் பொறுப்பு செய்தவர்தான். உங்களால் இன்றைக்கு முடிந்தது அந்த ஒரு போன்.

"எனக்கு 16 வயசு. டீச்சர்ட்ட சொன்னா போலீசுக்குப் போயிருமா?"

போகும். இப்போது சொன்ன 19-ஆம் பிரிவு டீச்சருக்கும் டாக்டருக்கும் எனக்கும் பொருந்தும். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று 18 வயதுக்குக் கீழே உள்ள ஒரு பிள்ளைக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது. அதைப் பேச்சைத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுவேன்.

ஆனால் நீ நினைக்கிற மாதிரி ஸ்டேஷனில் பெஞ்சில் உட்காரவைக்க மாட்டார்கள். வாக்குமூலத்தை உன் வீட்டிலோ நீ சொல்லும் இடத்திலோதான் வாங்க வேண்டும். கூடியவரை பெண் அதிகாரி, அதுவும் யூனிஃபார்ம் இல்லாமல் வர வேண்டும். ராத்திரியில் உன்னை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. பெண் பிள்ளைக்குப் பெண் டாக்டர்தான் பரிசோதனை செய்ய வேண்டும், நீ நம்பும் ஒருவர் கூட இருக்கலாம். கோர்ட்டில் அந்த ஆளின் முகத்தைப் பார்க்காமலே சாட்சி சொல்ல ஏற்பாடு உண்டு. உன் பெயரையோ பள்ளியையோ படத்தையோ பேப்பரில் போடுவது குற்றம்.

"வருஷம் பல ஓடிருச்சு. இனிமே புகார் கொடுத்தா எடுப்பாங்களா?"

கடுமையான பாலியல் குற்றங்களுக்குக் காலக்கெடு கிடையாது. 3 வருஷமோ அதற்குக் குறைவாகவோ தண்டனை உள்ள குற்றங்களுக்குத்தான் கெடு உண்டு. போக்சோ 2012 நவம்பர் 14-ல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நடந்ததற்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டம் பொருந்தும். உங்களுடையது எதில் வரும் என்று வக்கீல்தான் சொல்ல முடியும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100.

ஒரு யோசனை. புகார் கொடுக்கும் எண்ணம் இருந்தால் வீட்டில் அறிவிக்கும் முன்பே வக்கீலிடம் பேசிவிடுங்கள். சொன்ன மறுநாளிலிருந்தே "கேஸ் கீஸ்னு போயிராத" என்ற நெருக்கடி தொடங்கிவிடும்.

"பெரியவங்க உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கலாம்னு சொல்றாங்க. மன்னிச்சு விட்டுருங்கிறாங்க."

போக்சோ குற்றத்தைப் பஞ்சாயத்தில் பேசி முடிக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. காலில் விழவைத்து, பணம் கொடுத்து முடித்தாலும் குற்றம் குற்றம்தான். வரப்புத் தகராறை முடிப்பது போல இதை முடிக்கப் பார்ப்பவர்கள் உங்கள் அமைதியைக் காட்டிலும் ஊர் வாயை மூடுவதைத்தான் பெரிதாக நினைக்கிறார்கள். மன்னிப்பதும் மன்னிக்காததும் உங்கள் சொந்த விஷயம், அதற்கு நாள் குறிக்க அவர்களுக்கு உரிமை இல்லை. மன்னித்தவர்கள்கூட அந்த ஆளோடு ஒரே பந்தியில் உட்கார வேண்டியதில்லை.

"சொன்னா மனசு லேசாகும்னு நினைச்சேன். முன்னைவிட மோசமா இருக்கு."

சொன்ன முதல் சில வாரம் பலருக்கு அப்படித்தான் இருக்கிறது. தூக்கம் கெடும், பழைய கனவு வரும், சொல்லியிருக்கவே கூடாதோ என்று தோன்றும். சொன்னது தப்பு என்று அதற்கு அர்த்தம் இல்லை. சாப்பாட்டையும் தூக்கத்தையும் மட்டும் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். மதுரை அரசுப் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவில் காசில்லாமல் பார்க்கலாம். சாகலாம் போல இருக்கிறது என்று தோன்றினால் காத்திருக்க வேண்டாம், அந்த நிமிஷமே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், 14416-க்கோ 112-க்கோ கூப்பிடுங்கள்.

"என் மக என்கிட்ட சொல்லிட்டா. எனக்குக் கை காலே ஓடல. நான் என்ன சொல்லணும்?"

"நான் உன்னை நம்புறேன். உன் மேல எந்தத் தப்பும் இல்ல. நீ சொன்னது நல்லது" என்ற மூன்றும் போதும். "அப்பவே ஏன் சொல்லல" என்ற கேள்வி வாய்வரைக்கும் வரும், விழுங்கிவிடுங்கள். நீங்கள் அழுதால் தப்பில்லை, ஆனால் அவள் உங்களைத் தேற்ற வேண்டிய நிலைமைக்குக் கொண்டுவராதீர்கள். அடுத்து என்ன செய்யணும் என்று அவளிடமே கேளுங்கள். அவள் 18 வயதுக்குக் கீழே என்றால் புகார் கொடுப்பது உங்கள் கடமை. அதையும் அவளுக்கு விளக்கிச் சொல்லிவிட்டு, கூடவே இருந்து செய்யுங்கள்.

அவள் சரி என்று சொல்லாமல் சொந்தபந்தம் யாரிடமும் இதைச் சொல்லாதீர்கள், உங்கள் கூடப்பிறந்த அக்காவாக இருந்தாலும். தாங்க முடியவில்லை, யாரிடமாவது பேசியாக வேண்டும் என்றால் அதே 14416-க்கு நீங்களும் கூப்பிடலாம்.